சென்சாரைச் சுமக்க ஒரு தள்ளுவண்டி

கேள்வி: ஐயா, 90 செ.மீ. வரிசை இடைவெளியில் பருத்தி போட்டிருக்கிறேன். பயிரின் பசுமையையும் இலைச் சூட்டையும் அளக்கும் சென்சார்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், ஒரே செடிக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு வருகிறது. ட்ரோன் வாங்க வசதியில்லை. குறைந்த செலவில் வண்டி ஏதாவது செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். கை ஏறி இறங்குவதுதான் உங்கள் சிக்கல். சென்சார் ஒரே உயரத்தில், நேர்கீழே பார்த்தபடி போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான்கு பழைய சைக்கிள் சக்கரங்களும் இரும்புச் சதுரக் குழாயும் போதும். இரண்டே சக்கரம் வைத்தால், கைப்பிடியைத் தூக்கும்போதெல்லாம் சென்சாரும் சாயும், அது வேண்டாம்.

இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 180 செ.மீ. விடுங்கள். இரண்டு வரிசை வண்டிக்கு அடியில் போகும், நீங்கள் அவற்றின் நடுவே நடந்து தள்ளலாம். குறுக்கு அச்சு கூடாது, செடியை ஒடித்துவிடும். ஒவ்வொரு சக்கரத்தையும் தனி ஃபோர்க்கில் மாட்டி, அதன்மேல் கால் எழுப்பி, குறுக்குச் சட்டத்தை உச்சியில் வையுங்கள். பருத்தி ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் என்பதால், குழாய்க்குள் குழாய் செருகி, துளை போட்டு போல்ட்டில் முடுக்கினால் உயரத்தை ஏற்றிக்கொள்ளலாம். உயரமான வண்டி பள்ளத்தில் கவிழப் பார்க்கும். பேட்டரியைத் தாழ்வாகக் கட்டுங்கள்.

சென்சார்களை வரிசைக்கு நேர் மேலே, உங்கள் நிழல் விழாதபடி முன்பக்கம் நீட்டி மாட்டுங்கள். உயரத்தைத் தரையிலிருந்து அல்ல, செடியின் உச்சியிலிருந்து கணக்கிட வேண்டும். சூடு அளக்கும் அகச்சிவப்பு சென்சாரில் பார்வைக் கோணம்தான் முக்கியம், வாங்கும்போதே கேளுங்கள். 90 டிகிரி சென்சார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். பக்கத்து வரிசையும் வெறும் மண்ணும் அதில் சேர்ந்துவிடும். 10 டிகிரி என்றால் சுமார் 17 செ.மீ. வட்டம்தான். வெயிலில் காய்ந்த மண் இலையைவிட நன்றாகச் சுடும் இல்லையா, அது கலந்தால் தண்ணீர் குடித்த பயிர்கூட வாடுவது போலக் கணக்கு காட்டும். இந்த அளவை மேகமில்லாத நாளில் நண்பகலை ஒட்டி எடுங்கள்.

மலிவான ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் காட்டும், வரிசையைப் பிரித்தறியாது. சக்கரத்தில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் இணையும் சின்ன சுவிட்ச்) வைத்துச் சுற்றுகளை எண்ணுவதே எனக்குப் பிடித்த வழி. வண்டியில் முழுச் சுமையையும் ஏற்றி ஒரு சுற்று உருட்டி, போன தூரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரே வரிசையில் உடனுக்குடன் இரண்டு தடவை தள்ளிப் பாருங்கள். அந்த இரண்டு அளவுகளுக்குள் வரும் வித்தியாசம், வரிசைக்கு வரிசை தெரியும் வித்தியாசத்தை எட்டினால், சட்டம் இன்னும் ஆடுகிறது. போல்ட்டுகளை முடுக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.