டிராமா பார்த்து ஆபீஸ் ஆங்கிலம்: கேட்டதும் சொன்னதும்

வெளிநாட்டு கிளையன்ட்களோடு பேசுவதுதான் பன்னிரண்டு வருஷமாக என் வேலை. ஆங்கிலத்தில் அடிப்படை இருந்தும் மீட்டிங்கில் வாய் திறக்கத் தயங்கியவள் நான். என்னைத் தேற்றியது அமெரிக்க, பிரிட்டிஷ் டிராமாக்கள்தான். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, 'சூட்ஸ்' நல்லதா, 'சக்சஷன்' நல்லதா? எதில் ஆரம்பிக்கலாம்?

இரண்டுக்கும் முன்னால் அமெரிக்க 'த ஆபீஸ்' பாருங்கள். 2005 முதல் 2013 வரை வந்தது, 201 எபிசோடு. ஸ்க்ரான்டன் ஊரில் ஒரு பேப்பர் கம்பெனிக் கிளை. அது காமெடிதான், ஆனால் ஆபீஸில் தினமும் பேசுகிற பேச்சு அதில்தான் நிறைய இருக்கிறது. அடுத்து நியூயார்க் வக்கீல்களின் கதையான 'சூட்ஸ்'. வாக்கியங்கள் தெளிவாக, முழுசாக இருக்கும். பேரம் பேசுகிற காட்சிகள் ஏராளம். ஆனால் அதில் வருவது போல நிஜ ஆபீஸில் யாரும் வரிக்கு வரி மிரட்டுவதில்லை. அதில் வரும் வக்கீல் ஹார்வியின் வசனத்தை மனப்பாடம் செய்து மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு மீடியா கம்பெனிக் குடும்பத்தின் வாரிசுச் சண்டையான 'சக்சஷன்' கடைசியாக. பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்கள், ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுவார், கெட்ட வார்த்தைகளும் அதிகம். காதுக்குக் கஷ்டம்தான். ஆனால் உண்மையான மீட்டிங் கேட்பதற்கு அப்படித்தான் இருக்கும்.

சப்டைட்டில் தமிழிலா, ஆங்கிலத்திலா?

ஆங்கிலத்தில். தமிழில் போட்டால் கண் கதையைப் படித்துக்கொள்ளும், காது சும்மா இருக்கும்.

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவராக இருக்கிறேன். ஷிப்மென்ட் தள்ளிப்போனால் சரக்கு வாங்கும் பையரிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. நான் பேசுவது முரட்டுத்தனமாக இருக்கிறது என்கிறார்கள்.

இது உங்கள் குணத்தில் உள்ள குறை இல்லை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'அனுப்பு' என்பதை 'அனுப்புங்க' ஆக்கினால் போதும். ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. 'ப்ளீஸ்' ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். 'ப்ளீஸ் சென்ட் இட் டுடே' என்பது அப்போதும் உத்தரவாகத்தான் காதில் விழும். அவர்கள் மரியாதையை 'குட்', 'வுட்', 'மைட்' போன்ற சொற்களிலும் இறந்தகாலத்திலும் வைத்திருக்கிறார்கள். 'ஐ வாஸ் ஹோப்பிங் வீ குட் மூவ் த டேட்' என்பார்கள். ஆசைப்படுவது இப்போதுதான், ஆனால் நேற்று ஆசைப்பட்டது போலச் சொல்வார்கள். அந்தச் சின்ன இடைவெளிதான் பணிவு.

எந்த டிராமாவிலும் யாராவது கெட்ட செய்தி சொல்கிற காட்சியை எடுத்து, இந்தச் சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். பையரிடம் பேசும்போது 'நோ ப்ராப்ளம்' என்று தொடங்காதீர்கள், அவருக்குப் பிரச்சனை இருக்கிறது. 'வீ ஆர் லுக்கிங் அட் எ டென்-டே டிலே' என்று நாளைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, 'வாட் ஐ கேன் டூ இஸ்' என்று உங்களால் முடிந்ததை உடனே சொல்லுங்கள். காரணத்தை அதற்குப் பிறகு சொல்லலாம். நாம் காரணத்தில் தொடங்கி, தேதியைக் கடைசிவரை சொல்லாமல் இழுக்கிறோம். எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது.

என் மேனேஜர் லண்டன், கிளையன்ட் நியூயார்க். அமெரிக்க டிராமா பார்த்துப் பழகினால் குழப்பம் வருமா?

சில இடங்களில் வரும். 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று அமெரிக்கர் சொன்னால் இந்தப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைப்போம் என்று அர்த்தம். பிரிட்டிஷ்காரர் சொன்னால் இதை விவாதத்துக்கு எடுப்போம் என்று அர்த்தம். நேர் எதிர். 'க்வைட் குட்' என்பது அமெரிக்கரிடம் நல்ல பாராட்டு. லண்டனில் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்கிற அளவுதான். சந்தேகம் வந்தால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

'சக்சஷன்' பார்க்கும்போது 'பேர் ஹக்', 'பாய்சன் பில்' எல்லாம் புரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமா?

நிதித் துறையில் இருந்தால் கட்டாயம். மற்றவர்களுக்குக் கதை புரிய இவ்வளவு போதும். ஒரு கம்பெனியின் நிர்வாகக் குழு மறுக்கவே திணறும் அளவுக்கு நல்ல விலை வைத்து, வாங்குகிறேன் என்று கடிதம் கொடுப்பது 'பேர் ஹக்'. முதல் சீசன் கடைசி எபிசோடில் மகன் கெண்டல் கம்பெனித் தலைவரான அப்பாவிடம் கொடுப்பது அதுதான். வெளியாள் ஒருவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்குகளைச் சேர்த்துவிட்டால், மற்ற பங்குதாரர்கள் குறைந்த விலையில் புதுப் பங்கு வாங்கிக்கொள்ள வழிசெய்து அவர் பிடியைத் தளர்த்துவது 'பாய்சன் பில்'.

வார்த்தையெல்லாம் தெரியும். ஆனால் நான் பேசினால் 'சாரி?' என்று திரும்பக் கேட்கிறார்கள்.

பெரும்பாலும் அழுத்தம் இடம் மாறியிருக்கும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலக் காது அழுத்தத்தைத்தான் தேடும். 'டெவலப்' என்பதில் நாம் 'டெ'யை அழுத்துகிறோம், அவர்கள் 'வெ'யை. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் முன்னால் அழுத்தம், வினையாக வந்தால் பின்னால். முப்பது விநாடிக் காட்சி ஒன்றை ஓடவிட்டு, நடிகரின் நிழல் மாதிரி கூடவே பேசுங்கள். உச்சரிப்பை நகல் எடுக்க வேண்டாம், ஏற்ற இறக்கம் வந்தால் போதும். நம் தமிழ் வாடையில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'ஐ ஹேவ் எ டவுட்' என்று டிராமாவில் யாருமே சொல்வதில்லையே, தப்பா?

நம் ஊருக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்பது போலக் கேட்கும். 'ஐ ஹேவ் எ க்வெஸ்சன்' என்று சொல்லுங்கள்.

ஒன்பது சீசன் 'சூட்ஸ்' பார்த்து முடித்துவிட்டேன், அக்கா. ஆங்கிலம் அப்படியே இருக்கிறது.

நீங்கள் கதை பார்த்திருக்கிறீர்கள். இனி ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு காட்சி. ஒருவர் கேள்வி கேட்டதும் நிறுத்துங்கள். பதிலை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஓடவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். உங்கள் பதிலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் எழுதிவையுங்கள்.

விளம்பரக் கம்பெனிக் கதையான 'மேட் மென்' முதல் சீசன் கடைசி எபிசோடை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். கோடக்கின் ஸ்லைடு ப்ரொஜெக்டருக்கு விளம்பர யோசனை சொல்ல வேண்டும். கதாநாயகன் டான் டிரேப்பர் இயந்திரத்தின் நுட்பத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். தன் குடும்பப் படங்களை ஓடவிட்டு, மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவார். அதை மூன்று முறை பார்த்துவிட்டு, உங்கள் கம்பெனிப் பொருளைப் பற்றி இரண்டு நிமிஷம் அதே வேகத்தில் பேசி போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த மாதம் இன்னொரு முறை பதிவு செய்து, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.