கேஷ் இருந்தும் பில்ட் ஏன் 40 நிமிடம்?

கேள்வி: சி++ மொழியில் எழுதிய கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் சிலர் சேர்ந்து பராமரிக்கிறோம். நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் சிகேஷ் (முன்பு தொகுத்தவற்றைக் கேஷாகச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் கருவி) சேர்த்த புதிதில் பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) 12 நிமிடத்தில் முடிந்தது. இப்போது 40 நிமிடம் ஆகிறது. சில டெஸ்ட்கள் காரணமே இல்லாமல் தோற்கின்றன. மறுபடி ஓட்டினால் தேறிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: "புதிதில் 12 நிமிடம்" என்றீர்களே, துப்பு அங்கேதான் இருக்கிறது. உங்கள் கேஷுக்கு மாறாத ஒரே பெயரை வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கிட்ஹப்பில் ஒரு பெயரில் சேமித்த கேஷை மேலெழுத முடியாது. முதல் நாள் சேமித்ததையே இன்றும் இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நிரல் மாற மாற அதில் பொருந்துபவை குறைகின்றன. ஏழு நாள் யாரும் தொடாவிட்டால் அது தானாக நீங்கியிருக்கும். திட்டம் சுறுசுறுப்பாக நடப்பதே இங்கே வினையாகிவிட்டது!

பெயரின் கடைசியில் கமிட்டின் (பதிவுசெய்த நிரல் மாற்றத்தின்) தனி அடையாளமான ஹாஷைச் சேருங்கள். மீட்கும்போது முன்பகுதி பொருந்தினால் போதும் என்று குறிப்பிட்டால், அண்மையில் சேமித்தது கிடைக்கும். சேமிப்பது நிரலின் முதன்மைப் பிரதியான மெயின் கிளையில் மட்டும் நடக்கட்டும். ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) சேமித்த கேஷ் மற்றவற்றுக்குத் தெரியாது; வீணாக இடத்தை அடைத்து, பயனுள்ளவற்றை வெளியே தள்ளும். பில்டின் முடிவில் சிகேஷின் புள்ளிவிவரத்தை அச்சிட்டுப் பாருங்கள். எத்தனை கோப்புகள் கேஷிலிருந்து வந்தன என்று தெரியாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டடிதான்.

புது கமிட் வந்ததும் பழைய ஓட்டத்தை ரத்துசெய்யும் வசதியையும் புல் ரிக்வெஸ்ட்களுக்கு இயக்குங்கள். மெயினில் வேண்டாம், கேஷ் சேமிக்கும் முன்பே பில்ட் நின்றுபோகும்.

டெஸ்ட்கள் காரணமின்றித் தோற்பதில்லை. நிலையான போர்ட் எண், பகிர்ந்த தற்காலிகக் கோப்பு, "இரண்டு விநாடிக்குள் முடிந்திருக்கும்" என்ற நம்பிக்கை ஆகியவற்றை முதலில் தேடுங்கள். தோற்றால் தானே மறுபடி ஓட்டும் அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்: சி++ நிரலில் அந்தத் தடுமாற்றம் பயனரிடமும் வெடிக்கக்கூடிய டேட்டா ரேஸாக (ஒரே தரவை ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்கள் ஒழுங்கின்றித் தொடும் பிழை) இருக்கலாம். சந்தேகத்துக்குரிய டெஸ்ட்களைத் தோற்றாலும் மற்ற வேலைக்குத் தடைபோடாத தனி ஜாபுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு இஷ்யூ (பிழைப் பதிவு) திறந்துவிடுங்கள். டெஸ்ட்களை ஓட்டும் கருவியான சிடெஸ்டில் தோற்கும் வரை திரும்பத் திரும்ப ஓட்டும் வசதி இருக்கிறது. டேட்டா ரேஸைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிட்டைசரோடு சேர்த்து அதை இரவில் ஓட்டுங்கள். நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும் என்பதால் புல் ரிக்வெஸ்ட்டில் அதற்கு இடமில்லை.