ரயிலுக்குக் கையசைத்த மைதானம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் மினசோட்டா பயணக் குறிப்பில் செயின்ட் பால் செயின்ட்ஸ் என்ற சிறிய பேஸ்பால் அணியைப் பற்றி எழுதும்போது, '2021-ல் அந்த அணி மேலே போன செய்தியைப் படித்து மனசு கனத்துவிட்டது' என்று ஒரு வரி வருகிறது. என் மகன் மினியாபோலிஸில் வேலை பார்க்கிறான். போன கோடையில் நாங்கள் போயிருந்தபோது அதே அணியின் ஆட்டத்துக்கு அழைத்துப் போனான். புது மைதானம், பளிச்சென்று இருந்தது. ஒரு பன்றிக்குட்டி நடுவருக்குப் பந்து கொண்டுவந்து கொடுத்தது. என் மனைவிக்குச் சிரித்து மாளவில்லை. ஓர் அணி மேலே போனால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? நீங்கள் ஏன் வருத்தப்பட்டீர்கள்? அப்புறம், 'சுயேச்சை அணி' என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆர்.எஸ்., ஈரோடு

அன்புள்ள ஆர்.எஸ்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் மைனர் லீக் அணிகள் பெரிய மேஜர் லீக் அணிகளுக்கு நாற்றங்கால் மாதிரி. ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் சம்பளம் தருவது பெரிய அணி. அதனால் இன்று யார் ஆடுவது, யார் உட்காருவது, நாளைக் காலையில் யார் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்புவது எல்லாமே அவர்கள் முடிவு. சுயேச்சை அணிக்கு அப்படி ஒரு தாய்வீடு கிடையாது. டிக்கெட் விற்ற காசில்தான் சம்பளம் போட வேண்டும். ஆட்டக்காரர்கள் பலரும் கோடை முழுக்க உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கி ஆடுவார்கள். கஷ்ட ஜீவனம்தான். ஆனால் ஓர் உரிமை மட்டும் முழுசாகக் கையில் இருக்கும். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியவரைக்கூடக் கூப்பிட்டு, 'வா, வந்து ஆடு' என்று சொல்லலாம்.

1993 முதல் 2020 வரை 28 சீசன் செயின்ட்ஸ் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அந்த அணியை நேசித்தது அதற்காகத்தான்.

அணியைப் பறிகொடுப்பது செயின்ட் பாலுக்குப் புதிதல்ல. சார்லஸ் கொமிஸ்கி என்பவர் அங்கே நடத்திவந்த அணியை 1900-ல் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். அதுதான் இன்றைய ஒயிட் சாக்ஸ் என்ற மேஜர் லீக் அணி. அடுத்து அதே செயின்ட்ஸ் பெயரில் வந்த அணி 1960 வரை ஆடியது. அது ஆடிய அமெரிக்கன் அசோசியேஷன் என்ற லீக்கில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த நிறத்தடையை 1948-ல் உடைத்த ஆட்டக்காரர் ராய் காம்பனெல்லா அணிந்தது செயின்ட்ஸ் சட்டைதான். 1961-ல் ட்வின்ஸ் என்ற மேஜர் லீக் அணி பக்கத்தில் வந்து இறங்கியதும் சின்ன அணி ஊரைவிட்டுப் போனது. முப்பது வருஷத்துக்கு மேல் செயின்ட் பாலுக்கென்று தொழில்முறை அணி இல்லை.

1993-ல் ஆறு அணிகளோடு நார்தர்ன் லீக் என்ற சுயேச்சை லீக் தொடங்கியது. செயின்ட் பால் அணியை நடத்த வந்தவர் மைக் வீக். பங்குதாரர்களில் நடிகர் பில் மரேயும் உண்டு. மைக்கின் அப்பா பில் வீக், 1947-ல் லாரி டோபியை ஒப்பந்தம் செய்து, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்கியவர். அப்பா ஒயிட் சாக்ஸுக்கு முதலாளியாக இருந்தபோது மகன் அங்கே விளம்பர வேலை பார்த்தார். 1979 ஜூலை 12 அன்று, டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் அந்தத் தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து எல்லாவற்றையும் நாசம் செய்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. கறுப்பினத்தவர் மீதும் தன்பாலினத்தவர் மீதும் இருந்த வெறுப்பு அந்த இரவில் கலந்திருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு சுமார் பத்து வருஷம் பேஸ்பாலில் மைக்கை யாரும் சேர்க்கவில்லை.

அது நடந்த இடம் கொமிஸ்கி பார்க். கொமிஸ்கி எந்த ஊரிலிருந்து அணியைக் கொண்டுபோனாரோ அந்த ஊருக்கே, கொமிஸ்கி பெயருள்ள மைதானத்தில் பேரைக் கெடுத்துக்கொண்டவர் வந்து சேர்ந்தார். கதவு சாத்தப்பட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்குக் கிடைத்த இடம் மிட்வே ஸ்டேடியம். 1982-ல் திறந்தது, சுமார் 6,000 பேர் உட்காரலாம், அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் அப்போது ட்வின்ஸ் ஆடிக்கொண்டிருந்தது மெட்ரோடோமில், துணிக்கூரைக்கு அடியில். வருஷத்தில் பாதி பனியில் கிடக்கும் ஜனங்கள் கோடையிலும் கூரைக்குள் போய் உட்கார விரும்புவார்களா? வானத்துக்குக் கீழே புல்லைப் பார்த்தபடி ஆட்டம் பார்க்க வந்தார்கள். முதல் வருஷமே அணி கோப்பையும் வென்றது.

2012 ஜூலையில் நான் அங்கே ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். அலுமினிய பெஞ்ச் வெயிலில் காய்ந்து தொடையைச் சுட்டது. ஒரு பக்கம் தீயணைப்புத் துறையின் பயிற்சிக் கோபுரம். இடதுபக்கச் சுவரை ஒட்டித் தண்டவாளம். கேலரியில் சிஸ்டர் ரோசலிண்ட் என்ற வயதான கன்னியாஸ்திரீயும் அவருடைய ஆட்களும் ரசிகர்களுக்குத் தோள் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காவது இன்னிங்ஸோ ஐந்தாவதோ, ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார். மொத்தக் கூட்டமும் ஆட்டத்தை விட்டுவிட்டு ரயிலுக்குக் கையசைத்தது. என் பக்கத்தில் ஒரு தாத்தா பேரனை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணினார். கடைசிப் பெட்டி போகும்வரை எண்ணினார். அதற்குள் ஒருவர் அவுட் ஆகியிருந்தார், அவர்கள் இருவருக்கும் அது தெரியாது.

அந்தத் திடலில் ஆடியவர்களைச் சொல்கிறேன். 1996-ல் டாரில் ஸ்ட்ராபெர்ரி வந்தார். ஒரு காலத்தில் நியூயார்க்கே கொண்டாடிய ஆட்டக்காரர். போதைப்பழக்கம், வரிஏய்ப்பு வழக்கு, தடை என்று விழுந்து, எந்த மேஜர் லீக் அணியும் சீந்தாத நிலை. செயின்ட்ஸுக்காக 29 ஆட்டங்களில் 18 ஹோம் ரன் அடித்தார். ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணி அழைத்துக்கொண்டது. அக்டோபரில் உலகத் தொடரை வென்ற அணியில் அவர் இருந்தார்.

அடுத்த வருஷம் ஐலா பார்டர்ஸ் என்ற இளம்பெண், ஆண்கள் லீகில் பிட்சராக இந்த அணிக்காகப் பந்து வீசினார். ஒரே மாதத்தில் அவரை டுலுத் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம். 1998 ஜூலையில் தன் முதல் வெற்றியை டுலுத் அணியில்தான் பெற்றார். ஒயிட் சாக்ஸின் பழைய நட்சத்திரம் மின்னி மினோசோ 1993-லும் 2003-லும் ஒவ்வொரு முறை மட்டை பிடித்தார், இரண்டாவது முறை எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில். ஏழு பத்தாண்டுகளில் தொழில்முறை ஆட்டம் ஆடியவர் என்ற பெயர் அதனால் வந்தது.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விட நெருக்கமானவர் டான் வார்ட்லோ. வானொலி வர்ணனையாளர், பிறவியிலேயே பார்வையற்றவர். ஜிம் லூகஸ் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, இவர் ஆட்டக்காரரின் கதையையும் பழைய கணக்குகளையும் இடையிடையே சேர்ப்பார். கண் தெரியாதவரை ஒலிவாங்கி முன்னால் உட்காரவைக்கலாம் என்று எந்தப் பெரிய அணிக்குத் தோன்றியிருக்கும், சொல்லுங்கள்.

சரி, 2021-க்கு வருகிறேன். 2015-ல் அணி நீங்கள் பார்த்த சிஎச்எஸ் ஃபீல்டுக்குக் குடிபோனது. பழைய தொழிற்சாலை இருந்த மனையில், விவசாயிகள் சந்தைக்குப் பக்கத்தில் கட்டியது. நல்ல மைதானம், குறை சொல்ல மாட்டேன். 2020 முடிவில் மேஜர் லீக் தன் நாற்றங்கால் அணிகளை 160-லிருந்து 120 ஆகக் குறைத்தது. அந்த நேரத்தில் ட்வின்ஸ், செயின்ட்ஸை டிரிபிள்-ஏ அணியாக, அதாவது தனக்கு ஒரு படி கீழே, சேர்த்துக்கொண்டது. நாற்பது ஊர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற குளிர்காலத்தில் அதை மறுக்க யாராலும் முடியாது. அவர்கள் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. இப்போது அங்கே ஆடும் பையன்களின் தரம் மேலானது. அவர்களில் ஒருவருக்குக் காலையில் போன் வந்தால் சாயங்காலம் பத்து மைல் தள்ளி மேஜர் லீகில் ஆடலாம்.

ஆனால் அணியில் யார் ஆட வேண்டும் என்பது இனி செயின்ட் பால் கையில் இல்லை. இன்றைக்கு ஒரு ஸ்ட்ராபெர்ரி ஊரெல்லாம் துரத்திவிட்ட பிறகு அங்கே போன் செய்தால், எடுப்பவருக்கு 'வா' என்று சொல்ல அதிகாரம் கிடையாது. மனசு கனத்தது அதனால்தான். 2023-ல் மைக் வீக்கும் கூட்டாளிகளும் அணியை விற்றும்விட்டார்கள்.

பன்றிக்குட்டி சுயேச்சைக் காலத்திலிருந்தே வருகிறது. வருஷத்துக்கு ஒரு புதுக் குட்டி, புதுப் பெயர். செயின்ட் பால் ஊருக்கே ஆதியில் 'பன்றிக்கண்' என்றுதான் பெயர். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

அடுத்த முறை போனால் மகனிடம் சொல்லி எனர்ஜி பார்க் சாலைக்கு ஒரு நடை போய் வாருங்கள். மிட்வே ஸ்டேடியத்தை 2015-ல் இடித்துவிட்டார்கள். தண்டவாளம் அங்கேயேதான் இருக்கிறது. கூட்ஸ் வண்டி வந்தால் எனக்காகவும் ஒரு தடவை கையசையுங்கள்.

அன்புடன்.