கேள்வி நேரம்: மாண்டலே அரண்மனையும் வளவுத் தூணும்

எங்கள் வளவுத் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றத்) தூண்கள் பர்மா ராஜா அரண்மனையிலிருந்து கழற்றி வந்தவை என்று அப்பத்தா சொல்வார். நம்பலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பர்மாத் தேக்கு என்பதை நம்பலாம். அரண்மனைத் தூண் என்றால் ஆதாரம் வேண்டும். பர்மா ராஜாவின் மாண்டலே அரண்மனையை மிண்டோன் மன்னர் கட்டியது 1857-59இல். அதற்கே பழைய தலைநகர் அமரபுராவின் அரண்மனையைப் பிரித்து, யானைகளை வைத்து மரங்களைக் கொண்டுவந்தார்கள். 'கழற்றி வந்த' கதைக்கு இதுவே வித்தாக இருக்கலாம்! 1885இல் பிரிட்டிஷார் பிடித்தபின் சில கட்டடங்களை இடித்தார்கள். ஆனால் பெரும்பகுதி 1945 மார்ச்சில் போரில் எரியும் வரை அங்கேயே நின்றது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் அதற்கு முன்பே எழும்பியவை. அவற்றுக்கான தேக்கு, காட்டில் வெட்டிக் கப்பலேற்றிய புதுமரம்.

நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. அரண்மனையின் முக்கிய மண்டபத் தூண்களுக்குச் செவ்வரக்குப் பூசிப் பொன்தாள் ஒட்டியிருந்தார்கள். போதிகைக்கு (தூணின் தலைப்பகுதிக்கு) அடியிலும் விரிசல்களிலும் டார்ச் அடித்து அரக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய உத்தரத்தோடு சம்பந்தமில்லாத பழைய பொருத்துத் துளைகளை மரத்துண்டால் அடைத்திருந்தால், அது வேறெங்கோ நின்ற மரமாக இருக்கலாம். அப்போதும் எங்கே நின்றது என்பதைத் துளை சொல்லாது. வீட்டுக் கணக்கேடுதான் சொல்ல வேண்டும். தூணைச் சுரண்டிப் பார்க்காதீர்கள், மெருகு போய்விடும்.

தேக்கு சட்டென்று எரியாது என்பார்களே, பிறகு அந்த அரண்மனை எப்படிச் சாம்பலானது?
– ஒரு வாசகர், காரைக்குடி

வைரம் பாய்ந்த பருத்த தூண் மெதுவாகத்தான் எரியும். மேலே கரியாகும் தோலே உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். மெல்லிய பலகைக்கு அந்தக் காப்பு இல்லை. மாண்டலேயில் சிம்மாசன மண்டபத்துக்கு மேல் ஏழடுக்குக் கோபுரக் கூரை, சுற்றிலும் நெருக்கமாக மரக் கட்டடங்கள். போரில் தீப்பிடித்ததும் மடமடவென்று பரவிவிட்டது. காவல் கோபுரமும் நாணயச்சாலையும் தப்பின.

முன்பே வெளியே போனவையும் பிழைத்தன. மிண்டோன் 1878இல் இறந்த மண்டபத்தை மகன் தீபா மன்னர் பிரித்து வெளியே கொண்டுபோய் பௌத்த மடமாக்கினார். அதுதான் இன்றைய ஷ்வேநந்தா மடம். சிங்காசனம் கல்கத்தாவுக்குப் போய், 1948இல் திரும்பி, இப்போது யாங்கோன் (ரங்கூன்) தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாண்டலேயில் இன்று காண்பது 1990களில் கான்கிரீட்டும் தகரக் கூரையும் சேர்த்து எழுப்பிய மறுபதிப்பு. தேக்கு வேலைப்பாடு பார்க்க ஆசையென்றால் நேரே மடத்துக்குப் போங்கள்.

தீபா மன்னர் நம் பக்கம் வந்ததுண்டா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

சென்னை வரை வந்தார். பிரிட்டிஷார் அவரை நாடு கடத்தி 1885 டிசம்பரில் கொண்டுவந்து, 1886 ஏப்ரலில் மேற்குக் கடற்கரையிலுள்ள ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்கென்று மாளிகை தயாரானது 1910இல்தான், 1916இல் காலமானார்.