ஏரியில் மிச்சமிருக்கும் இடம்

அன்புள்ள ஐயா,

சிவில் பொறியியல் முடித்த எனக்கு நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் பணி கிடைத்திருக்கிறது. எங்கள் வீடு அனகாபுத்தூரில், அடையாற்றுக்கு அருகில். 2015 வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியது. 2019 கோடையில் அதே வீட்டு வாசலில் லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு நின்றோம். அத்துறையில் மதிப்பீடும் டெண்டரும் தவிரப் பொறியியல் ஒன்றுமில்லை என்கிறார்கள் நண்பர்கள். சேரலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சேருங்கள். மதிப்பீடும் டெண்டரும் உங்கள் நாள்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால், நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இரண்டு துயரங்களையும் ஒரே ஏரியில் வைத்துக் கணக்கிடுகிற வேலையும் அங்கேதான் இருக்கிறது.

உபரிநீரை அடையாற்றில் விடும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நவம்பர் இறுதியில் அதில் 1,000 மில்லியன் கன அடிக்கு இடம் மிச்சமிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தை நிரப்பி வைத்தால், சென்னை முழுமைக்கும் ஏறத்தாழ ஒரு மாதக் குடிநீர். காலியாகவே விட்டால், அது அனகாபுத்தூருக்கும் சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் கிடைக்கும் அவகாசம். ஆனால் வரத்து விநாடிக்கு 10,000 கன அடியாக உயர்ந்து, மதகும் மூடியிருந்தால், அந்த அவகாசம் 28 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வெளியேறியபோது, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே அடையாற்றில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. எனவே ஏரியை மட்டும் பார்த்து மதகைத் திறக்க முடியாது. ஆற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

திறக்கும் உத்தரவு உங்களுடையதாக இருக்காது. ஆனால் அந்த உத்தரவுக்கு ஆதாரமான எண் உங்களிடமிருந்துதான் போகும். நான் பணியில் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், எங்கள் ஏரியின் லஸ்கர் (மதகையும் நீர்மட்டத்தையும் கவனிக்கும் ஊழியர்) நள்ளிரவிலும் மணிக்கொரு முறை குடையோடு போய் நீர்மட்டக் கம்பத்தைப் பார்த்துவந்து சொல்வார். அவர் சொல்லும் அங்குலத்தை, எந்த நீர்மட்டத்தில் ஏரியில் எவ்வளவு நீர் என்று காட்டும் கொள்ளளவு அட்டவணையில் பொருத்தி, வெளியேற்றத்தையும் கூட்டி, வரத்தைக் கணக்கிட்டு மேலே அனுப்புவேன். அவருடைய அளவில் ஒருநாளும் பிழை இருந்ததில்லை. அட்டவணைதான் பல ஆண்டு வண்டலைக் கணக்கில் கொள்ளாத பழைய அட்டவணை; அதை நான் உணர்ந்தது இரண்டு பருவமழைகள் கழித்து என்பது இன்றும் உறுத்துகிறது.

நீங்கள் பொறுப்பேற்ற வாரத்திலேயே, உங்கள் ஏரியின் அட்டவணை எந்த ஆண்டின் அளவீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.