எல்லோரும் காப்பி அடிக்கும்போது மாணவன் மட்டும் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்?

"மாட்டிக்கொள்வாய்" என்று பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பலர் மாட்டுவதே இல்லை. காரணம் வேறு.

2019 செப்டம்பரில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர், சில மணி நேரத்தில் அழிந்துபோகும் மையால் விடைகளைக் குறித்தார்கள். தாள்கள் சென்னைக்குப் போகும் வழியிலேயே, காலியாகிப்போன அந்த வட்டங்களில் வேறு ஆட்கள் சரியான விடையை நிரப்பினார்கள். தரவரிசையின் உச்சியில் அந்த இரு மையத்துக்காரர்களே குவிந்ததால்தான் சந்தேகம் வந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள்.

இதில் ஏமாந்தது தேர்வாணையம் மட்டுமில்லை. பட்டியலில் ஒருவர் குறுக்கு வழியில் ஏறினால், கீழே ஒருவர் வெளியே விழுகிறார். ஊர் நூலகத்தில் பழைய வினாத்தாள்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்த ஒரு பெண்ணாக அவர் இருக்கலாம். "நமக்குத்தான் படிப்பு வரவில்லை" என்று தன்னையே நொந்துகொள்வார். திருடப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு இதைத்தான் தாங்க முடிவதில்லை.

அப்புறம், குரூப் 4-இல் கிராம நிர்வாக அலுவலர் பதவியும் உண்டு. காசு கொடுத்து அந்த நாற்காலிக்கு வருபவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார்? வருமானச் சான்றுக்கு வந்து நிற்கும் கூலித் தொழிலாளியிடம்தான்.

கல்லூரித் தேர்வில் பிட் அடிப்பது இவ்வளவு பெரிய விஷயமா என்பீர்கள். இல்லைதான். ஆனால் வளாக நேர்காணலுக்கு மதிப்பெண்ணை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். அங்கேயும் உங்களுக்குக் கீழே ஒருவர் இருக்கிறார், உங்கள் வகுப்பிலேயே.