மாமா தரும் சர்டிபிகேட் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 33. சி.ஏ. முடித்து, சென்னையில் ஒரு ஆடிட் நிறுவனத்திலும் பிறகு ஒரு நிதி நிறுவனத்திலும் வேலை பார்த்தேன். 2023 மார்ச் க்ளோசிங் (வருடக் கணக்கு முடிக்கும்) சமயத்தில் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. அப்போதுதான் பைபோலார் நோய் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) வெளிப்பட்டது. மேனேஜருக்கு நள்ளிரவில் நீள நீளமாக மெயில் அனுப்பினேன். கிரெடிட் கார்டில் கண்டபடி செலவு செய்தேன். ஒருநாள் ஆபீஸ் போவதையே நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு வருடத்துக்கும் மேலாக மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறேன். வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் இன்டர்வியூவில் "இந்த கேப் ஏன்?" என்று கேட்டால் உளறிவிடுகிறேன். என் மாமா, தன் கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ் பார்த்ததாக சர்டிபிகேட் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? நோயைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே ஆபத்தான விஷயம் நோய் அல்ல, அந்த சர்டிபிகேட்தான்.

மாமா பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் நீங்கள் போகப்போவது நிதித்துறை. ஆஃபர் கொடுத்ததும் உங்கள் ஃபைல் சரிபார்க்கும் ஏஜென்சியிடம் போகும். பி.எஃப். கணக்கில் எந்தெந்த நிறுவனம், எந்தத் தேதி வரை என்று பார்ப்பார்கள். ஃபார்ம் 16, 26ஏஎஸ் (சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் ஆவணங்கள்), சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம் கேட்பார்கள். மாமா கம்பெனி லெட்டர்ஹெட்டைத் தவிர வேறெதிலும் அந்த வேலைக்குத் தடம் இருக்காது. வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டில் நீங்கள் விட்டுவிடுவீர்களா? இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தாலும் பொய்ச் சான்று என்று அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த வேலைக்கும் அது பின்னாலேயே வரும். கேப் இருந்தால் ஒரு சங்கடமான கேள்வி வரும், அவ்வளவுதான்.

மாமாவிடம் வேறொன்று கேளுங்கள். நாளை முதல் நிஜமாகவே அங்கே போய் உட்காருங்கள். சின்ன கம்பெனியாக இருந்தால் இன்னும் நல்லது, எல்லா வேலையும் கைக்கு வரும். பேங்க் ரீகன்சிலியேஷன் (கம்பெனி கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிடுவது) போடுங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி என்ற ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களை ஃபைல் செய்யுங்கள். சிறு நிறுவன சப்ளையர்களுக்கு 45 நாளுக்குள் பணம் போனதா என்று பட்டியல் எடுங்கள். அதற்குள் கொடுக்காவிட்டால், பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(ஹெச்) பிரிவு வந்த பிறகு பல முதலாளிகளுக்கு அதுதான் தலைவலி. சம்பளம் குறைவாக இருந்தாலும் பேங்க் வழியாக வாங்குங்கள். ஆறு மாதம் போனால் மாமா தருவது உண்மையான சர்டிபிகேட் ஆகிவிடும். காலையில் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து ஒரு இடத்துக்குப் போகும் பழக்கமும் திரும்பும். இன்டர்வியூவை விட அதுதான் முக்கியம் என்பேன்.

அடுத்தது சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற பதிவு. நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த கிரெடிட் கார்டு விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். மேனியா (மனம் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும் கட்டம்) நேரத்தில் பணத்தை வாரி இறைப்பது அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று, அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் வேலைக்கு எடுக்கும் முன் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கிரெடிட் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. முதலில் அதை எடுத்துப் பாருங்கள். தப்பான பதிவு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. பாக்கி இருந்தால் கார்டு கம்பெனியோடு பேசும்போது ஜாக்கிரதை. பாதிப் பணம் வாங்கிக்கொண்டு முடித்துவிட்டால் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று விழும், பல வருடம் போகாது. தவணை போட்டாவது முழுசாகக் கட்டி "க்ளோஸ்டு" என்று வாங்கப் பாருங்கள். பாக்கி இல்லை என்ற கடிதமும் கையில் இருக்கட்டும்.

பழைய நிறுவனத்தில் உங்கள் பெயருக்கு நேரே "அப்ஸ்காண்டிங்" (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று எழுதி வைத்திருக்கலாம். ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: அந்தத் தேதியில் கடுமையான உடல்நலக் குறைவால் தெரிவிக்க முடியாமல் வர இயலாமல் போனது, மருத்துவரின் கடிதம் இணைத்திருக்கிறேன், கணக்கு முடித்து ரிலீவிங் லெட்டர் தரவும். டாக்டரின் கடிதத்தில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சிகிச்சையில் இருந்தார்" என்றால் போதும், நோயின் பெயர் வேண்டாம். நோட்டீஸ் காலத்துக்குப் பணம் கேட்டால் பேசிக் கட்டிவிடுங்கள். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி பதிவாகாமல் இருந்தால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் பதியலாம். அந்த நள்ளிரவு மெயில்களை மட்டும் இந்தக் கடிதத்தில் தொடவே தொடாதீர்கள். விளக்கம் சொல்லப் போனால் அதுவே பேச்சாகிவிடும்.

சரி, நோயைச் சொல்ல வேண்டுமா? இன்டர்வியூவில் வேண்டாம். "2023-ல் உடல்நிலை சரியில்லாமல் போனது. சிகிச்சை எடுத்துக்கொண்டேன், இப்போது முழு நேர வேலைக்குத் தகுதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சில மாதமாக ஒரு நிறுவனத்தின் ஜி.எஸ்.டி.யும் கணக்கும் பார்க்கிறேன். அதில் ஒன்று சொல்கிறேன்..." என்று வேலைப் பேச்சுக்குத் தாவிவிடுங்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நீங்கள் உளறியதற்குக் காரணம், அந்த நிமிடத்தில் யோசித்துச் சொன்னதுதான். "என்ன நோய்?" என்று துருவினால், "அது என் டாக்டரோடு இருக்கட்டும் சார், வேலையைப் பாதிக்காது" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். அதற்கு மேலும் துருவுகிற இடத்தில் வேலை கிடைக்காமல் போனால் எனக்கு வருத்தமில்லை.

ஆஃபருக்குப் பிறகு மெடிக்கல் ஃபாரம் வரும். மனநல சிகிச்சை எடுத்ததுண்டா என்று அதில் நேராகக் கேட்டிருந்தால் "இல்லை" என்று கையெழுத்துப் போடாதீர்கள். உண்மையை எழுதி, வேலைக்குத் தகுதி என்ற மனநல மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து, பரிசோதிக்கும் டாக்டர் கையில் கொடுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் டாக்டர் உங்களைக் கேட்காமல் நிறுவனத்துக்குத் தர முடியாது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து இன்றும் நோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சி.ஏ. மெம்பர்ஷிப் பறிபோகுமோ என்ற பயம் இருந்தால் விட்டுவிடுங்கள். மனநல விஷயத்தில் 1949 சி.ஏ. சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடுப்பது, மனநிலை பிறழ்ந்தவர் என்று நீதிமன்றமே அறிவித்தவரை மட்டும்தான். மாத்திரை சாப்பிடுகிறவரை அல்ல. ஃபீஸ் கட்டாமல் பெயர் நீங்கியிருந்தால் பாக்கியைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். பொதுத்துறை வங்கிகளில் மனநோயையும் சேர்த்த மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அதற்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று வேண்டும், நன்றாக இருக்கிற உங்களுக்குக் கிடைப்பது சந்தேகம்.

எந்த வேலைக்கு மனுப் போடுவது என்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். தூக்கம் கெட்டால் பைபோலார் திரும்பக்கூடும், உங்களுக்கே அனுபவம். அதனால் சென்னை ஓ.எம்.ஆரில் ராத்திரி பார்க்கும் யு.எஸ். ஷிஃப்ட் வேலை எவ்வளவு சம்பளம் தந்தாலும் வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ராத்திரி பகலாக ஓடும் ஸ்டாச்சுட்டரி ஆடிட் (சட்டப்படி கட்டாயமான வருடத் தணிக்கை) பக்கமும் இப்போதைக்குப் போகாதீர்கள். பெரிய நிறுவனத்தின் இன்டர்னல் ஆடிட், பேயபிள்ஸ் (சப்ளையர் பில்களுக்குப் பணம் தருவது), ஜி.எஸ்.டி. டீம் பார்க்கலாம். ஜி.எஸ்.டி.யிலும் நெருக்கடி உண்டுதான், ஆனால் ரிட்டர்ன் கெடு 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி என்று முன்கூட்டியே தெரியும். இன்டர்வியூ முடிந்ததும் அந்த டீமில் யாரையாவது பிடித்து, மாதக் கடைசியில் எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவார்கள் என்று விசாரியுங்கள். ஹெச்.ஆர். சொல்வதை விட அந்தப் பதில் நம்பகமானது.

பாடத்தில் பின்தங்கிவிட்டேனோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும். இந்த விஷயத்தில் நேரம் உங்கள் பக்கம். 1961 வருமான வரிச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம். பிரிவு எண்கள் முதற்கொண்டு மாற்றம், பத்து வருட அனுபவசாலியும் புதிதாகத்தான் படிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜி.எஸ்.டி. விகிதங்களையும், அக்கவுண்டிங் சாஃப்ட்வேரில் 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயமான ஆடிட் டிரெயிலையும் (கணக்கில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) சேர்த்துப் படித்துவிடுங்கள்.

ரெஃபரன்ஸுக்கு அந்த மேனேஜர் பெயரைக் கொடுக்க வேண்டாம். சி.ஏ. பயிற்சிக் காலமான ஆர்ட்டிகிள்ஷிப்பில் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த பிரின்சிபல் இருப்பாரே, அவரிடம் பேசுங்கள். வாட்ஸப் வேண்டாம், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.